எங்கள் ஊர்ப் புகை

தான் வேலை பார்த்த சுரங்கம் பசிபிக் கடலில் ஒரு தெருவை மூழ்கடித்துவிட்டது என்று கேள்விப்பட்ட நேரத்தில் கொளஞ்சிநாதன் வாசலில் முந்திரிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். சொன்னது அவர் மனைவி பவுனம்பாள். மருங்கநத்தத்தில் வார்டு மெம்பர் அவள்தான்; பஞ்சாயத்து ஆபீசுக்கு வருகிற எதுவும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும்.

"ஏங்க, நம்ம சுரங்கத்தால ஒரு தெரு முழுகிப்போச்சாம்."

"எது, கீழத்தெருவா? நேத்துகூட அந்தப் பக்கம் போயிட்டு வந்தனே."

"நம்ம ஊருல இல்ல. ஆரவுனுன்னு ஒரு தீவாம். மொத்தத் தீவும் முழுகிருச்சாம். அதுல ஒரு தெரு நம்ம பங்காம்."

கொளஞ்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பழுப்புக் கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரம் ஓட்டியவர் அவர். கோயில் கோபுரத்தைப் படுக்கப்போட்டாற்போல் நீளமான எந்திரம் அது. அதன் சக்கரத்தில் இருக்கும் ஒவ்வொரு வாளியும் ஒரு மாட்டு வண்டி மண்ணை அள்ளும். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பம்புகளை நிறுத்தியதும் அடித்தண்ணீர் ஏறிப் பள்ளம் முழுக்க ஏரியாகிவிட்டது. ஆழம் தெரியாத தண்ணீர் என்பதால் ஊரில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். தன் வேலை அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது என்றுதான் கொளஞ்சி இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

விளக்கம் சொல்லச் சென்னையிலிருந்து நஸ்ரீன் என்ற அதிகாரி வந்தாள். காலநிலைப் பொறுப்புத் துறையில் வேலை. சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. சமுதாயக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"காத்துல கலந்த புகைக்கு எப்படிம்மா ஊர் பேர் தெரியும்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"தெருவுல நடந்து போறீங்க. மீன் குழம்பு வாசனை வருது. எந்த வீட்டுக் குழம்புன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றாள் நஸ்ரீன். "ஒவ்வொரு ஊர்க் கரிக்கும் ஒரு தனி வாசனை இருக்குது. மூக்குக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். வேர்மானின்னு பேரு. எந்தப் புகை எங்க கிளம்பிச்சு, அது எவ்வளவு சூடேத்திச்சு, அந்தச் சூட்டுல கடல் எவ்வளவு ஏறிச்சுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும்."

அதுவரைக்கும் நாடுகள் இதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தன என்று அவள் சொன்னாள். முதலில் புகை விட்டவன் யார், இப்போது அதிகம் விடுகிறவன் யார், தலைக்கு எவ்வளவு என்று மாநாட்டுக்கு மேல் மாநாடு. இந்தியா தன் பங்கைத் தலைக்கணக்கில்தான் பார்க்கவேண்டும் என்று வாதாடிப் பெரும்பகுதியைக் குறைத்தும் விட்டது. ஆனாலும் மிச்சம் இருந்தது. புதிய உடன்படிக்கையின் முதல் வரியே பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதுதான். எந்த ஊர்ப் புகை எந்தத் தெருவை மூழ்கடித்ததோ, அந்த ஊர்தான் அந்தத் தெரு ஜனங்களுக்கு இடம் கொடுக்கவேண்டும்.

"வெளிச்சம் மெட்ராசுக்குப் போச்சு, புழுதி எங்களுக்கு வந்துச்சு. இப்ப பழியும் எங்களுக்கேவா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

நஸ்ரீன் மறுக்கவில்லை. "நியாயமான கேள்விதான். ஆட்சேபணை பண்ண உங்களுக்கு உரிமை இருக்குது. ஒரே ஒரு விதி. ஆட்சேபணையை அந்தத் தெருக்காரங்க முகத்தைப் பாத்துத்தான் வாசிக்கணும்."

வாசிக்கிற வேலை கொளஞ்சியின் தலையில் விழுந்தது. பெரிய எந்திரத்தை ஓட்டியவர் என்பதால் அவர் சொன்னால் எடுபடும் என்று ஊர் நினைத்தது. அவருக்கோ மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"நான் என்ன, கேட்டா வேலைக்குப் போனேன்?" என்று பவுனம்பாளிடம் குமைந்தார். "எங்க அப்பா வீட்டையும் நிலத்தையும் சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டு, அதுக்குப் பதிலா எனக்கு வேலை குடுத்தான். எங்க வீடு இருந்த எடத்தை என்னையே வெட்ட வச்சான். நானும் வீட்டை இழந்தவன்தான்."

"அதையும் சேத்துத்தான் வக்கீல் எழுதியிருக்காரு. படிச்சிடுங்க" என்றாள் பவுனம்பாள்.

விசாரணை காலை பத்து மணிக்கு. சமுதாயக் கூடத்துச் சுவரில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஒரு பாதியில், எந்தத் தெரு எந்த ஊருக்கு என்று பிரித்துக்கொடுக்கும் நைரோபிப் பங்கீட்டு மன்றத்தின் தலைவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். மறு பாதியில் ஏதோ ஓர் ஊரின் அகதிக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஆரவுனுத் தெருக்காரர்கள். அவர்கள் சார்பில் பேச வந்தவள் தியாபா. நாற்பது வயது இருக்கும். தீவில் பள்ளிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றி இறக்கியவளாம். எல்லோர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. அந்தக் கருவி பேசிய தமிழ் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது.

கொளஞ்சி வாசிக்கத் தொடங்கினார். மின்சாரத்தை அனுபவித்தவர்கள் வேறு, இதுவே சுரங்கத்துக்கு நிலத்தை இழந்த ஊர் என்றெல்லாம் எழுதியிருந்தது. தலையை நிமிர்த்தாமல் பாதிவரை வந்துவிட்டார்.

"மதிப்பிற்குரிய கொளஞ்சிநாதன் அவர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்" என்றது காதுக்கருவி. தியாபாதான் பேசினாள். "தங்கள் பின்புறம் சன்னலில் தென்படுவது யாது?"

கொளஞ்சி திரும்பிப் பார்த்தார். "அதுவா? மண்மேடு. கரி எடுக்கிறப்ப மேல்மண்ணை அங்கதான் கொட்டுனோம்."

"மனிதர்கள் கொட்டியதா? எவ்வளவு உயரம்?"

"இருபத்தஞ்சு மாடி இருக்கும். இப்ப மேல முந்திரிக்காடா கெடக்குது."

திரையின் அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து கேமராவுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் முகங்கள் திரை முழுக்க அடைத்தன. அவர்கள் தீவில் மிக உயரமான இடம், தியாபா சொன்னபடி, அவள் இடுப்பளவு. அலை வந்தால் ஏறி நிற்க ஓர் இடம் வேண்டுமென்று மூன்று தலைமுறையாகப் பவளக்கல்லைக் குவித்துப் பார்த்தார்கள்; ஒவ்வொரு புயலும் அதைக் கலைத்துவிட்டுப் போனது. இங்கே என்னடாவென்றால் ஒரு மலையையே கொட்டி வைத்துவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறார்கள்.

"அதன் உச்சியிலிருந்து என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

கொளஞ்சி மேட்டை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். "நானே ஏறி வருஷக்கணக்காச்சும்மா."

நைரோபி அம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விசாரணையை எங்கிருந்து நடத்தவேண்டும் என்று விதிகளில் ஏதும் குறிப்பிடப்படவில்லை" என்றார். கருவி அதைச் செய்தி வாசிப்பது போலவே சொன்னாலும், அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அப்படித்தான் பங்கீட்டு மன்றத்தின் விசாரணை மருங்கநத்தம் மண்மேட்டில் ஏறியது. முன்னால் கொளஞ்சி, கையில் கேமரா. பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நஸ்ரீன். அதற்குப் பின்னால் பவுனம்பாளும் ஊர் ஜனம் பாதியும். முந்திரிக் கிளைகளை விலக்கி விலக்கி ஏறினார்கள். மூச்சு வாங்கக் கொளஞ்சி நின்றபோதெல்லாம் காதில் பிள்ளைகள், மேலே மேலே என்று கத்தினார்கள்.

உச்சியில் காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கேமராவைச் சுற்றிக் காட்டினார். பலாத்தோப்புகள், மூடிக் கிடக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, தூரத்தில் கோயில் கோபுரம். பிறகு கீழே பச்சை நீலமாய் விரிந்து கிடந்த ஏரி.

"தாங்கள் வாசித்ததில் தங்கள் இல்லமும் போயிற்று என்று இருந்தது. அது எங்கே?" என்றாள் தியாபா.

கொளஞ்சி விரலை நீட்டினார். "அந்தத் தண்ணிக்குக் கீழ."

கேமராவையும் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"எங்களுடையதும்" என்றாள் அவள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பக்கத்து ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்தால் நீங்களும் அந்த ஊர்தானா என்று கேட்பார்களே, அப்படி இருந்தது. கொளஞ்சிக்கு நெஞ்சுக்குள் என்னவோ இளகிற்று.

மன்றத் தலைவர், ஆட்சேபணையை முழுதாக வாசித்தாகிவிட்டதா என்று கேட்டார். கொளஞ்சி பவுனம்பாளைப் பார்த்தார். பவுனம்பாள் ஊர்க்காரர்களைப் பார்த்தாள். மூச்சிரைக்க நின்ற கூட்டம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது.

"வாசிக்கலீங்க" என்றாள் அவள். "இனிமே வாசிக்கப் போறதுமில்ல. என்னைக்கு வர்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."

தை பிறந்து பத்து நாளில் தெரு வந்து இறங்கியது. காலியாகக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் பெட்டியைக்கூட வைக்கவில்லை. நேரே மண்மேட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் ஏறுவதும் சாக்கில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இறங்குவதுமாக அன்றைக்குப் பொழுது போயிற்று. செம்மண்ணில் புரண்டு எழுந்ததில் யார் தீவுப் பிள்ளை, யார் ஊர்ப் பிள்ளை என்று அடையாளம் தெரியவில்லை. சித்திரையில் பலாப்பழம் வந்ததைப் பார்த்துவிட்டுத் தியாபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் ஊரிலும் இதே ஜாதி மரம் உண்டாம். ஆனால் காய் கைக்கு அடக்கமாக இருக்குமாம். இது அதனுடைய குண்டு அண்ணன் என்றாள்.

ஏரிதான் ஊரை மாற்றியது. தியாபாவின் புருஷன் தெக்கோ, முந்திரிக்காட்டில் விழுந்து கிடந்த மரங்களைக் கொண்டே படகு கட்டினான். முதல் படகு இறங்கிய அன்று ஊரே கரையில் நின்று பயந்தது. அடுத்த மாதம் அதே ஊர் படகுக்கு வரிசையில் நின்றது. பவுனம்பாள் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டாள். எந்திரத்தை ஆட்டிப் படைத்த கொளஞ்சிக்கு நீச்சல் தெரியாது. படகின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு சிலைபோல் உட்கார்ந்திருப்பார். தன் பழைய வீட்டுக்கு நேர் மேலே மிதக்கிறோம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை. பக்கத்துப் படகிலிருந்து பவுனம்பாள் அவர் மேல் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தாள்.

தியாபா காதுக்கருவியைக் கழற்றிவிட்டுப் பவுனம்பாளிடம் தமிழ் படித்தாள். அதனால் அவளுக்கு வந்ததெல்லாம் பவுனம்பாள் தமிழ். மீன் குழம்பில் புளி அதிகம் என்று இருவரும் போடுகிற சண்டை மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

இப்படி இரண்டு வருஷம் போனபின் ஒரு சனிக்கிழமை நஸ்ரீன் வந்தாள். படகுப் போட்டிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியையும் பவுனம்பாளையும் தனியாக ஒரு முந்திரி நிழலுக்கு அழைத்துப் போனாள்.

"நல்ல செய்தியா, கெட்ட செய்தியான்னு எனக்கே தெரியலண்ணே. வேர்மானியைச் சரிபாத்தாங்க. நம்ம பழுப்புக் கரியும், வடக்கே, வெளிநாட்டுல, ஹெல்மர்ஸ்விக்னு ஒரு துறைமுக ஊர்ல எரிச்ச கரியும் கிட்டத்தட்ட ஒரே வாசனையாம். கருவி ரெண்டையும் குழப்பிருச்சு. தியாபா தெருவை மூழ்கடிச்சது உங்க புகை இல்ல."

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு காலத்தில் கொளஞ்சி என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். இப்போது யாரோ தன் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"அப்ப இவங்க?" என்றாள் பவுனம்பாள்.

"ஹெல்மர்ஸ்விக் போகணும். டெல்லிக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம நாட்டுப் பங்கு குறையுது இல்லையா."

"தெருக்காரங்க இங்கயே இருக்கோம்னு சொன்னா?"

"விதி இடம் கொடுக்காது. பிடிச்ச ஊருக்குப் போலாம்னு விட்டா, பெரிய நாடுங்க அங்க போங்க இங்க போங்கன்னு ஆசைகாட்டித் தள்ளிவிட்டுடும். அதனாலதான் அப்படி எழுதினாங்க."

"ஆட்சேபணை பண்ணலாமில்ல?" என்றார் கொளஞ்சி.

நஸ்ரீன் குரலைத் தாழ்த்தினாள். "அரசாங்கத்துல சம்பளம் வாங்குறவ நான். பண்ணுங்கன்னு சொல்ல முடியாது. பண்ணக்கூடாதுன்னு எந்த விதியும் இல்லைன்னு சொல்லலாம்."

இரண்டாம் விசாரணைக்குத் திரையில் அதே நைரோபி அம்மாள். எதிர்ப்பக்கம் ஹெல்மர்ஸ்விக் மேயர், சிவந்த முகத்துடன் நல்ல உயரமான மனிதர். டெல்லியிலிருந்து ஒரு வழக்கறிஞர், திருத்தத்தை இந்தியா வரவேற்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொளஞ்சியின் கையில் இந்தமுறை எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லை.

"கருவி தப்புப் பண்ணியிருக்கலாங்க" என்றார். "ஆனா நான் கரி வெட்டினது சந்தேகமில்லாம நடந்த காரியம். அது எரிஞ்சுது, புகை போச்சு. எங்கயோ ஒரு தெருவை முழுகடிக்கத்தான் செஞ்சிருக்கும். அது எந்தத் தெருன்னு கருவி தேடட்டும். அதுவரைக்கும் இந்தத் தெரு எங்ககிட்ட இருக்கட்டும். அது கெடைச்சா அதையும் அனுப்புங்க. இடம் இருக்குது."

நைரோபி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் பங்கு அதிகம், என் பங்கு அதிகம் என்று வாதாடி ஒரு தரப்பு இந்த மன்றத்துக்கு வருவது இதுதான் முதல்முறை என்றார்.

மேயர் எழுந்தார். "எமக்கும் ஆட்சேபணை உண்டு. செய்தி வந்த நாளிலிருந்து நாங்கள் அவர்களை எதிர்பார்த்திருக்கிறோம். வீடுகளுக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. பள்ளியில் பிள்ளைகள் அவர்கள் மொழியில் வரவேற்புப் பாட்டும் கற்றுவிட்டார்கள்." சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில், "அவர்களிடம் நான் என்ன சொல்வது?" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. மன்றத் தலைவர் தியாபாவைப் பேசச் சொன்னார். அவள் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அங்க குளுரா இருக்குமா?" என்று தமிழில் கேட்டாள்.

இருக்கும் என்று மேயர் தலையாட்டினார்.

"புள்ளைங்களைப் பாட்டை மறக்க வேணாம்னு சொல்லுங்க. லீவுக்கு இங்க அனுப்புங்க, மேட்டுல ஏறிச் சறுக்கட்டும். நாங்களும் ஒருக்கா வர்றோம். ஆனா குடித்தனம் இங்கதான். என் ஏனம் சட்டி எல்லாம் இந்தப் பவுனு வீட்டுலதான் கெடக்குது."

மன்றம் ஒரு வாரம் யோசித்தது. ஆரவுனுவின் இன்னொரு தெரு எந்த ஊருக்கும் ஒதுக்கப்படாமல் அகதிக் கூடத்திலேயே இருந்தது. அவர்கள் சம்மதத்தோடு அந்தத் தெரு ஹெல்மர்ஸ்விக்கின் பாட்டைக் கேட்கப் போயிற்று. தியாபாவின் தெரு மருங்கநத்தத்திலேயே இருக்கலாம், உண்மையான தெரு கிடைத்தால் அதையும் ஏற்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு ஏரியில் படகுகள் கரைக்குத் திரும்ப வெகுநேரமாயிற்று.

ஆடி மாதத்தில் நஸ்ரீன் போன் பண்ணினாள். உண்மையான தெரு கிடைத்துவிட்டதாம்.

"எந்த நாடும்மா?" என்று கேட்டார் கொளஞ்சி. எந்தத் தீவாக இருந்தாலும் சரி என்று மனசுக்குள் வீடுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

"நம்ம நாடுதாண்ணே. கொடிக்கால்பேட்டைன்னு மீனவர் ஊர். எங்க பரங்கிப்பேட்டைக்குத் தெக்கால. ரெண்டு வரிசை வீட்டைக் கடல் எடுத்துருச்சு. பள்ளிக்கூடத்துலயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் ஒண்டிக்கிட்டு இருக்காங்க."

மருங்கநத்தத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம். கொளஞ்சி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் நஸ்ரீன். "உடன்படிக்கை நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுலதான். தீர்ப்பும் அப்படித்தான். ஒரே நாட்டுக்குள்ளன்னா யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்க ஏத்துக்கணும்னு இல்ல."

"அதுக்கு என்ன?" என்றார் கொளஞ்சி. அதற்குள் பவுனம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு தியாபாவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் கொடிக்கால்பேட்டையில் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஒரு பெண் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறிமுகமில்லாத மூன்று பேர் வந்து நிற்பதைக் கண்டு நிமிர்ந்தாள்.

"யாரு நீங்க? அதிகாரிங்களா?"

கொளஞ்சி பேச வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது, கரியிலிருந்தா, கருவியிலிருந்தா என்று தடுமாறினார்.

தியாபா அவரைத் தாண்டி முன்னால் வந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். வலையின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நாங்க மருங்கநத்தத்துக்காரங்க" என்றாள். "எங்க ஊர்ப் புகைதான் ஒங்க வீட்டை எடுத்துச்சு. ஒங்களைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கோம்."